பிறக்காதவர்களின் பங்கு

குவைத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய வன்னியபெருமாளுக்கு ஊரில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. குவைத்தைப் பற்றிப் பேசுவது. அதை அவன் குறைவில்லாமல் செய்தான். எண்பத்தொன்றாம் வருடம் சித்திரையில் வந்து இறங்கியவன், ஆனி பிறப்பதற்குள் கோட்டைமேட்டுப்பட்டியில் இருந்த அத்தனை பேரையும் டிக்கெட் இல்லாமல் அந்த நாட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

அது என்ன பெரிய நாடா? நம் திருநெல்வேலி ஜில்லாவைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும், அவ்வளவுதான். ஓர் ஆறு கிடையாது, ஒரு குளம் கிடையாது. ஆனால் பூமிக்குள் எண்ணெய் கிடந்தது. அதை எடுத்து விற்றுக் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கிக் குடிக்கிறார்கள், கடைக்குள் போனால் மார்கழி மாதிரிக் குளிர்கிறது, கார் ரிப்பேரானால் ரோட்டோரம் விட்டுவிட்டுப் புதுக் கார் வாங்கப் போய்விடுகிறார்கள் என்று வன்னியபெருமாள் அளந்துவிடுவான். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அங்கே உனக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆபீஸ் வேலை என்றிருப்பான். அதுவும் பொய்யில்லை. ஆபீசில்தான் இருந்தான். அங்கே இருந்த நாற்பது பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டவன் அவனுடைய அண்ணன் சங்கரபாண்டி. தகப்பன் செத்தபோது தம்பிக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து பன்னிரண்டு ஏக்கர் கரிசலையும் அந்தத் தம்பியையும் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவன். வாழ்நாளில் கோவில்பட்டியைத் தாண்டிப் போனது மூன்று தடவை. பேச்சு ரொம்பக் கிடையாது. பொய் அறவே கிடையாது. வண்டிமாடு விற்கப் போன இடத்தில் மாட்டுக்கு இடது கண் மங்கல் என்று தானே சொல்லிவிட்டு, விற்காமல் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தவன். அவனுக்குக் குவைத்தைப் பற்றி என்ன தெரியும்? தம்பியைத் தெரியும். தம்பி சொன்னால் சரிதான்.

அந்த வீட்டு நடு அறையில் ஒரு விதைக் குலுக்கை இருந்தது. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து, வளையம் வளையமாக உறை வைத்து எழுப்பிய ஆள் உயரக் குலுக்கை. அதற்குள் விதைக் கம்பு, சாம்பல் புரட்டி, நொச்சி இலை போட்டு, வாயைச் சாணி மெழுகி மூடி இருக்கும். இரண்டு விதைப்புக்கு உள்ள விதை. கரிசல்காட்டுக்காரனுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புரட்டாசியில் ஒரு மழை பெய்யும். நம்பி விதைப்பான். முளைத்து நாலு இலை விட்டபிறகு மழை ஓடிப்போய்விடும். அத்தனையும் கருகும். அப்புறம் ஐப்பசியில் மழை மறுபடி வந்து நிற்கும். அப்போது விதைக்க வீட்டில் இன்னொரு விதைப்புக்கு விதை வேண்டும். அதனால் எப்போதும் ஒரு பங்கு மண்ணிலும் ஒரு பங்கு வீட்டிலும் இருக்கும். அறுத்ததும் புது விதையைக் கொட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பார்கள். வயிறு காய்ந்தாலும் அந்த வாயைத் திறக்க மாட்டார்கள்.

வன்னியபெருமாளுக்கு அந்தக் குலுக்கை கண்ணை உறுத்தியது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவைத்திலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை வைக்க இடமில்லை. அந்த அறையை இடித்துத் தளம் போட்டு, ஃபேன் மாட்டி, நாலு வயர் நாற்காலி போட்டால் வருகிறவர்கள் மதிப்பார்கள். குலுக்கை விதையை விற்றால் வீரியப் பருத்தி விதையும் உரமும் வாங்கலாம். பன்னிரண்டு ஏக்கரிலும் பருத்தி போடலாம். இப்படி அவன் மனதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயிற்று.

அண்ணனிடம் ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான். “அண்ணே, அந்த ஊர்ல ஒரு மனுசன் தானியத்தைப் போட்டு மூடி வச்சிருக்கானா? மூடி வச்ச பொருளு வளராது. வெளிய வந்து ஓடணும். ஓடுனாத்தான் பெருகும். அதனாலதான் அவிய அங்கன இருக்காவ, நாம இங்கன கிடக்கோம்.”

சங்கரபாண்டி கூழைக் குடிக்காமல் கும்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அந்த எண்ணெய் தீந்துபோனா? ஒண்ணையுமே எடுத்து வைக்க மாட்டாவளாலே?”

“வைக்க மாட்டாவ” என்றான் வன்னியபெருமாள்.

அந்தப் பாவி மனிதனுக்குத் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

குவைத்து ஆபீசில் குட்டப்பன் என்று ஒரு மலையாளிக் கணக்கர் இருந்தார். கொல்லத்துக்காரர். இவன் டீ கொண்டுபோனால் இரண்டு வார்த்தை பேசுவார். ஒருநாள் மேஜை நிறையக் காகிதத்தைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தவரிடம் அது என்ன என்று இவன் கேட்டான். அவர் சொன்னார். இந்த எண்ணெய் என்றைக்காவது ஒருநாள் வற்றிப்போகும். அது இவர்களுக்குத் தெரியும். அதனால் வருகிற வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வருடா வருடம் தனியாக எடுத்து வைக்கவேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அதில் யாரும் கைவைக்கக்கூடாது. அதைச் சாப்பிடப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

வன்னியபெருமாள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது சார் என்று சொல்லி, ஒரு பழைய பேப்பர் ஓரத்தில் குலுக்கையைப் படம் போட்டுக் காட்டினான். எந்த வழியாகப் போடுவது, எந்த வழியாக எடுப்பது, பஞ்சத்திலும் ஏன் திறப்பதில்லை என்று விவரமாகச் சொன்னான். குட்டப்பன் பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். இங்கே சட்டம் போட்டுச் செய்வதை இவன் வீட்டில் சட்டமில்லாமலே செய்கிறார்கள் என்றார். மூன்று வருடமாக டீத் தட்டை மட்டும் பார்த்த கண்களெல்லாம் அன்றுதான் முதல்முதலாக இவன் முகத்தைப் பார்த்தன. அன்று முழுக்க அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

அங்கே இந்த வீட்டுப் பெருமையைப் பேசினான். இங்கே அந்த நாட்டுப் பெருமையைப் பேசினான். இரண்டு இடத்திலும் அவனுக்கு வேண்டியது என்னவோ ஒன்றுதான்.

அண்ணன் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன், “அப்ப நாமளும் அதத்தானலே செய்யுதோம்” என்று சொல்லிவிட்டு மிச்சக் கூழைக் குடிப்பான். அப்புறம் குலுக்கை அங்கேயே நிற்கும். கோவில்பட்டியைத் தாண்டாத அண்ணனுக்குத் தெரியாத எதையும் ஏழு வருடத்தில் தான் கற்றுக்கொண்டு வரவில்லை என்று ஆகிவிடும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

தம்பி சொல்லை நம்பிச் சங்கரபாண்டி விதையை விற்றான். குலுக்கை வாசல் வழியாக வராது. அறைக்குள்ளேயே வைத்துக் கட்டியது. கடப்பாரையால் உடைத்துத்தான் எடுத்தார்கள். சங்கரபாண்டியின் பெண்டாட்டி வேலுத்தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. உடைந்த மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விட்டாள். அவள் பேசாததை வன்னியபெருமாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

முதல் வருடம் மழை ஒழுங்காகப் பெய்து தொலைத்தது. பருத்தி வெடித்த வெடிப்பில் ஊர்க் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. தளம் போட்டார்கள், ஃபேன் ஓடியது. சங்கரபாண்டி போகிற வருகிறவர்களிடமெல்லாம் இது தம்பி யோசனை, தம்பி யோசனை என்று சொன்னான். அந்த ஒரு வருடம் வன்னியபெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை.

எண்பத்திரண்டில் புரட்டாசி மழை பெய்தது. பன்னிரண்டு ஏக்கரிலும் பருத்தி விதைத்தார்கள். முளைத்தது. அதற்கப்புறம் இருபத்தெட்டு நாள் வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூடக் கிடையாது. செடி குனிந்தது, கருகியது, மண்ணோடு மண்ணாகப் போயிற்று. பிறகு ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மண் வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கன்னங்கரேலென்று கிடந்தது. ஊரில் எல்லாரும் குலுக்கையைத் திறந்தார்கள். இனிப் பருத்திக்குப் பருவம் இல்லை. இந்த ஈரம் நாலு நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். அதற்குள் கம்பு உள்ளே போய்விட்டால் மாசியில் கஞ்சி உண்டு. போகாவிட்டால் மாடுகளை விற்கவேண்டும், அப்புறம் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகவேண்டும். வேலுத்தாய் வேலை கேட்டு வைத்துவிட்டு வந்ததாக வன்னியபெருமாள் காதில் விழுந்தது.

முதல் நாள் அண்ணனும் தம்பியும் கோவில்பட்டிக்குப் போனார்கள். கடைகளில் விதைக் கம்பு தீர்ந்துபோயிருந்தது. ஒரு கடையில் சாப்பாட்டுக் கம்பைக் காட்டினார்கள். சங்கரபாண்டி நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, இது முளைக்காது என்று துப்பினான். அக்கம்பக்கத்தில் கேட்க முடியாது. அவரவரிடம் இருந்தது அவரவர் மறுவிதைப்புக்குத்தான் காணும். மிச்சம் இருந்தது எப்போதும்வென்றான் ஊர்ப் பெத்தம்மாள் ஒருத்தியிடம்தான்.

பெத்தம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். புருசன் இல்லை. இருபது ஏக்கர் மானாவாரியைத் தனி ஆளாக நின்று பார்க்கிறவள். அவளிடம் மூன்று விதைப்புக்கு விதை எப்போதும் இருக்கும். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பாள். ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்பாள். உன் விதை எப்படிப் போயிற்று? மழை பொய்த்தது, எலி தின்றது, தீப்பிடித்தது என்றால் அளந்து போடுவாள். விதையை விற்றவனுக்குக் கொடுக்க மாட்டாள். அந்தப் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான், அவள் கொஞ்சம் கறார். விதை கேட்கப் போகிறவன் வெறும் பனையோலைக் கடகப்பெட்டியைத் துணி போட்டு மூடாமல் இரண்டு கையாலும் முன்னால் ஏந்திக்கொண்டு போகவேண்டும். வழியில் இருக்கிறவர்கள் பார்க்கவேண்டும். அதுவும் ஒரு முறைமைதான்.

இரண்டாம் நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பெட்டியை வன்னியபெருமாள்தான் எடுத்தான். அண்ணன் கையில் அதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. மணிக்கட்டில் குவைத்துக் கடிகாரம் மின்ன, வெறும் பெட்டியை ஏந்திக்கொண்டு அவன் தெருவில் நடந்தான். ஏர் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவனுடைய குவைத்துக் கதையைக் கேட்டவர்கள்தான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. குத்திப் பேசவில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாலு பேர் காறித் துப்பியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் எல்லை தாண்டியதும் சங்கரபாண்டி பேச ஆரம்பித்தான். அவன் பேசியதுதான் வினை.

“நீ மனசு சடையாதலே. ஒனக்குத் தெரிஞ்சத நீ சொன்ன. அவியளுக்கு எண்ணெய் கிடக்கு, எடுத்து வைக்கத் தேவையில்ல. நமக்கு மழைய நம்புன பொழப்புல்லா. அத நான்லா யோசிச்சிருக்கணும்.”

தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தம்பிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வருகிறான் மனிதன். வன்னியபெருமாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு கல் தொலைவு சும்மா நடந்து பார்த்தான். முடியவில்லை. நின்றுவிட்டான்.

“அண்ணே, அவிய எடுத்துத்தான் வைக்காவ.”

சங்கரபாண்டிக்குப் புரியவில்லை. யார் என்று கேட்டான்.

“குவைத்துக்காரவிய. பத்துல ஒரு பங்கு வருசா வருசம் எடுத்து வைக்காவ. சட்டம் இருக்கு. இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்குன்னு.”

பிறகு குட்டப்பன் சொன்னதையும், தான் பேப்பரில் குலுக்கையை வரைந்து காட்டியதையும், அவர்கள் மெச்சியதையும் ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்தான். சொல்லச் சொல்ல, இது இவ்வளவு கேவலமான காரியம் என்று அவனுக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. மனதுக்குள் வைத்திருந்தபோது அதற்கு ஏதோ ஒரு நியாயம் இருந்த மாதிரி இருந்தது. வாயை விட்டு வெளியே வந்ததும் ஒன்றுமே இல்லை.

“நான் ஒங்கிட்ட கேட்டம்லாலே?”

“கேட்டிய.”

“வைக்க மாட்டாவன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“ஏன்?”

அந்த ஏனுக்கு வன்னியபெருமாள் பதில் தேடினான். பெண் பார்க்க வருகிறவர்கள், ஃபேன், பருத்தி எல்லாம் வாய்வரை வந்தது. “ஒங்களவிட எனக்குக் கூடத் தெரியணும்னு இருந்துச்சு” என்றான்.

சங்கரபாண்டி திட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கியிருந்தால் வன்னியபெருமாள் கன்னத்தைக் காட்டியிருப்பான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டான். மிச்ச இரண்டு மைலும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே தம்பி நடந்தான். இரண்டு பக்கமும் ஏர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கம்பு விழுந்துகொண்டிருந்தது. இப்படியே திரும்பி, பஸ் ஏறி எங்கேயாவது போய்விடலாமா என்று நினைத்தான். வெறும் பெட்டியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? நடந்தான்.

பெத்தம்மாள் வாசலிலேயே இருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் என்ன என்று கேட்கவில்லை. குடிக்க மோர் கொடுத்தாள். பிறகு அளக்கிற படியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

“ஒங்க விதை எப்படிப் போச்சு, பாண்டி?”

“வித்துட்டோம், யக்கா” என்றான் சங்கரபாண்டி.

அவள் படியைக் கீழே வைத்துவிட்டாள். வன்னியபெருமாளுக்கு உயிர் போய்விட்டது. மழையில் போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் கம்பு பெட்டிக்குள் விழுந்திருக்கும். அண்ணனுக்குச் சொல்ல வராது. அது தெரிந்ததுதானே.

“வித்தவியளுக்கு நான் குடுக்கதில்லன்னு தெரியும்லா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வந்திருக்கிய.” அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள், கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். “தம்பி குவைத்துல இருந்தவியதான? நாலு தேசத்து மனுசரப் பாத்தவிய. ஒங்களுக்குமா விதைய விக்கக்கூடாதுன்னு தெரியல?”

வன்னியபெருமாள் வாயைத் திறந்தான். தெரியும் என்று சொல்லத்தான் திறந்தான். சொல்லிவிட்டால் விதை கிடையாது. மூன்றாம் நாள் போய், நாலாம் நாள் போய், காடு பாளம் பாளமாக வெடித்துவிடும். வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து குச்சி அடுக்குவாள். சொல்லாவிட்டால் இன்னொரு தடவையும் அதே பொய்.

“அவனுக்குத் தெரியாது யக்கா” என்று சங்கரபாண்டி சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “சின்ன வயசுலயே போயிட்டான். அந்த ஊர்ல எடுத்து வைக்க வழக்கமெல்லாம் கிடையாதாம். தெரிஞ்சிருந்தா உடைக்க விட்டிருப்பானா?”

நாற்பது வயதுவரைக்கும் அந்த மனிதன் சொன்ன முதல் பொய் அது. சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் பிசிறியது. காது மடலெல்லாம் சிவந்துபோயிற்று. பெத்தம்மாளுக்கு அது துக்கம் என்று பட்டிருக்கவேண்டும். சங்கரபாண்டி சொன்னால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரிந்ததுதான். படியை மறுபடி எடுத்தாள்.

“தெரியாமச் செஞ்சா அதுவும் மழை பொய்ச்ச மாதிரித்தான்” என்றாள்.

உள்ளே கூட்டிப்போய் அளந்தாள். பன்னிரண்டு படி. ஆறு ஏக்கருக்குக் காணும், மிச்ச நிலத்தில் கொத்தமல்லி போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். ஒவ்வொரு படியாகப் பெட்டியில் விழுந்தது. வன்னியபெருமாள் ஏந்திக்கொண்டு நின்றான். பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. தம்பி, சிந்தாமப் பிடிங்க என்று அவள் கனிவாகச் சொன்னாள். அவன் நிமிரவில்லை. அண்ணன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்றுகூடப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசிப் படியையும் தலைதட்டிக் கொட்டிவிட்டு, பெத்தம்மாள் ஏதோ ஞாபகம் வந்தவளைப் போல அவனைப் பார்த்தாள்.

“தம்பி, ஒங்களுக்கு அங்கன பழகுன மனுசர் இருப்பாவள்லா? ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க. எண்ணெய் இன்னைக்குக் கிடக்கும், நாளைக்குத் தீந்துபோகும், வர்ற பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது எடுத்து வைங்கன்னு எழுதுங்க. பாவம், அவியளுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு நாதி இல்லபோல.”

சங்கரபாண்டி எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

பெட்டி நெஞ்சில் அழுத்தியது. பெத்தம்மாள் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுதேன் யக்கா” என்றான் வன்னியபெருமாள்.